இல்லை என்று போட்ட டிக்

1

இந்தக் கதை ஒரு டிக்கிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம்.

உறையூரில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக். அங்கே ஒரு படிவம். 'கடந்த பத்து நாட்களில் வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா?' என்ற கேள்விக்கு எதிரே, 'இல்லை' என்ற கட்டத்தில் விழுந்த டிக். போட்டவர் வெள்ளைச்சாமி. எழுபத்தோரு வயது. ஸ்ரீரங்கத்தில் முப்பத்து நாலு வருஷம் குடிநீர்க் குழாய் வால்வைத் திறந்து மூடியவர்.

நான் அவர் இல்லை. அவரும் எட்டாவது வரை படித்தவர், நானும் எட்டாவது. அவ்வளவுதான் ஒற்றுமை.*

* எனக்கும் இடது காலில் புண் இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

'காவிரிக்கு மேலே சூரியன் பொன்னாக எழ, வெள்ளைச்சாமி தன் காலை'

[வேண்டாம். சூரியனுக்கும் சீழுக்கும் என்ன சம்பந்தம்?]

இரண்டாவது முயற்சி:

'ஏழை விவசாயி மகளான கனிஷ்கா, உப்பிலியபுரத்திலிருந்து கிழிந்த செருப்போடு ஆராய்ச்சி செய்ய'

[பொய். ஊர் உப்பிலியபுரம்தான். அப்பா ரைஸ் மில் வைத்திருக்கிறார். அவள் போட்டிருந்த ஷூவில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம்.]

சரி, நடந்ததையே எழுதுகிறேன். எழுத்தாளர்கள் கடைசியில் செய்கிற வேலை அது.

கிளினிக்கில் பெஞ்சில் வெள்ளைச்சாமியும் அவர் மனைவி ராசாத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். புண்ணிலிருந்து சீழ் எடுக்க, கையுறை மாட்டிக்கொண்டு ஆராய்ச்சி மாணவி கனிஷ்கா வந்தாள்.

"தாத்தா, காலை நீட்டுங்க."

"யாருக்கு நான் தாத்தா?"

"சரிங்க சார். காலை நீட்டுங்க."

"எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவ? வெளிநாட்டுக்காரனுக்கு விப்பியா?"

"உங்க சீழை யாரு சார் வாங்குவா? நானே ஸ்டைபண்டு வாங்கிக்கிட்டுதான் தொடுறேன்."

ராசாத்தி சிரித்தாள். வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. ஆனால் காலை நீட்டினார்.

3

இந்த இடத்தில் விஞ்ஞானம் சொல்ல வேண்டும். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தப்பு இருந்தால் அவளிடம் கேளுங்கள்.

சில கிருமிகளிடம் ஒரு கத்திரி இருக்கிறது. நாம் போடுகிற சாதாரண மாத்திரையை அது நறுக்கிப் போட்டுவிடும். மாத்திரை போகும், காசு போகும், புண் அப்படியே இருக்கும். கத்திரி இருக்கிறதா என்று தெரிய, சீழைத் தட்டில் தடவி, கிருமி முளைக்கிறவரை இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். இவள் கூட்டம் ஒரு வேலை செய்திருக்கிறது. மருந்து மாதிரியே ஒரு மூலக்கூறைக் கட்டி, அதற்குள் ஒரு வெளிச்சத்தை மூடி வைத்திருக்கிறார்கள். மருந்துதான் என்று நினைத்து கத்திரி வெட்டும். வெட்டினதும் மூடி திறந்து, ஊதா விளக்கடியில் பச்சையாக மினுங்கும். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். திருடனே லைட்டைப் போட்டுக் காட்டிக்கொடுக்கிற ஏற்பாடு.

வெள்ளைச்சாமிக்கு இது உடனே பிடிபட்டது. அவர் வேலையே அதுதான். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்தால், சாக்கடைக் குழியில் சாயம் ஊற்றுவார். எந்த வீட்டுக் குழாயில் நிறம் வருகிறதோ, அங்கே தோண்ட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: சாயம் ஊற்றுகிற அன்று யாரும் மோட்டார் போடக்கூடாது. போட்டால் சாயம் வேறு பக்கம் இழுபட்டு, பாவம் சம்பந்தமே இல்லாதவர் வாசலை உடைக்க வேண்டி வரும்.

ஒரு தடவை அப்படி உடைத்தார்கள். மோட்டார் போட்டது சித்திரை வீதி ஹயக்ரீவன், ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். "சத்தியமா போடலை ஓய்!" என்றார். மோட்டார் அப்போதும் சூடாக இருந்தது. அன்றிலிருந்து வெள்ளைச்சாமி மனிதர் சொல்லை நம்புவதில்லை. மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பார்.

4

[இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.]

படிவத்தில் அந்தக் கேள்வி வந்தபோது, பதில் சொன்னது ராசாத்தி.

"அடுத்தவங்க மாத்திரைய இவரு தொடவே மாட்டாரும்மா. போன மாசம் பக்கத்து வீட்டு மாத்திரைய நான் போட்டுக்கிட்டேன்னு நாலு நாள் பேசலை."

"சார் கண்டிப்பானவரா?"

"வால்வுக்காரரு பொய் சொல்லமாட்டாருன்னு ஸ்ரீரங்கத்துல யாரை வேணாலும் கேளு."

இதற்கு அப்புறம் ஒரு மனிதன் எந்தக் கட்டத்தில் டிக் போடுவான்? நீங்களே சொல்லுங்கள்.

உண்மை என்னவென்றால், அதற்கு ஒரு வாரம் முன்னால் ஹயக்ரீவன் வழியில் நிறுத்தினார். "என்ன ஓய், நொண்டறீர்? நேக்கு நீர்க்கடுப்புக்கு மாத்திரை குடுத்தா. மூணே நாள்ல சரியாயிடுத்து. மீதி அஞ்சு இருக்கு. தூக்கிப்போட மனசு வரலை. காலுக்கும் கேக்கும், எடுத்துக்கும்."

வெள்ளைச்சாமி வாங்கிக்கொண்டார். அந்த மோட்டார் நாளுக்கு அப்புறம் ஹயக்ரீவன் பேச்சை நம்பியது அந்த ஒரு தடவைதான். ஐந்தையும் முழுங்கினேன். முழுங்கினார்.

5

வியாழக்கிழமை கட்டு மாற்றப் போனபோது கனிஷ்கா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சமோசா கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"உங்களால ஒரே தலைவலி சார்."

"நான் என்ன பண்ணேன்?"

"பன்னெண்டு பேர்ல பதினோரு பேருக்கு எங்க வெளிச்சமும் தட்டும் ஒத்துப்போச்சு. உங்களுக்கு வெளிச்சம் பளிச்சுன்னு வருது. தட்டுல ஒண்ணுமே முளைக்கலை. உன் மூலக்கூறு பொய் சொல்லுது, முதல்லேருந்து கட்டுன்னு புரொபசர் சொல்லிட்டாரு. எட்டு மாச வேலை சார். டாக்டரும் தட்டைத்தான் நம்புறாரு. திங்கக்கிழமை உங்களுக்குச் சாதா மாத்திரை ஆரம்பிக்கப்போறாரு. கத்திரி நெசமாவே இருந்தா, அந்த மாத்திரை அதுக்கு முறுக்கு மாதிரி, நொறுக்கிடும்."

"தட்டுல ஏன் முளைக்காது?"

"நடுவுல கத்திரியால வெட்ட முடியாத வேற வகை மாத்திரை போயிருந்தா முளைக்காது. கிருமி அடங்கியிருக்கும். அது போட்டுட்டுப்போன கத்திரி மட்டும் சீழ்ல கிடக்கும், வெட்டும். அப்படின்னா எங்க வெளிச்சம் சொன்னது சரி." சமோசாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா நீங்கதான் எதுவும் சாப்பிடலையே. நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

கவனித்தீர்களா? அவள் மோட்டாரைத் தொட்டுப் பார்க்கவில்லை. கிழவன் வாயை நம்பி, தன் சொந்த வாசலைத் தோண்ட ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னொரு தடவை கேக்குறேன் சார், கோச்சுக்காதீங்க. ஒண்ணும் சாப்பிடலையே?"

"சே" என்றார் வெள்ளைச்சாமி.

அந்த 'சே' ஆமாவா, இல்லையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.*

* விளங்குகிறது.

கிளம்பும்போது புதுப் படிவம் ஒன்று கொடுத்தாள். "இதையும் நிரப்பிடுங்க. திங்கக்கிழமை காலையில ஃபைல்ல வைக்கணும்."

6

முடிவு, முதல் வகை: வெள்ளைச்சாமி பஸ் ஏறி உறையூர் போய் உண்மையைச் சொல்கிறார். கனிஷ்கா கண்ணீரோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு

[அவள் அழுகிற ஆள் இல்லை. "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்துவாள். கிளினிக்கே திரும்பிப் பார்க்கும். ராசாத்தி வேறு பக்கத்தில் இருப்பாள்.]

இரண்டாவது வகை: புண் தானாக ஆறிவிடுகிறது.

[எழுதும்போதே கால் விண்ணென்று தெறிக்கிறது. அவர் கால்.]

மூன்றாவது வகை: எல்லாப் பழியும் ஹயக்ரீவன் தலையில்.

[இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அவர் கொடுக்க மட்டும்தான் செய்தார். டிக் போட்ட பேனா அவருடையது இல்லை.]

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. நான் முடிவு எழுதப்போவதில்லை. நான் எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். கதை சொல்கிறவனை நம்பாதீர்கள், குழாய் திறக்கிறவனையும் நம்பாதீர்கள்.

இதையெல்லாம் எந்தத் தாளில் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கனிஷ்கா கொடுத்த புதுப் படிவத்தின் பின்பக்கம். இடம் போதாமல் ராசாத்தியின் மளிகைச் சீட்டு நாலும் சேர்த்திருக்கிறேன். முன்பக்கத்தில் பேர், வயது, சர்க்கரை அளவு எல்லாம் நிரப்பியாகிவிட்டது. அந்த ஒரு கேள்விக்கு எதிரே மட்டும் இரண்டு கட்டமும் காலி. நாளைக் காலை இது ஃபைலுக்குப் போகும். யார் முதலில் படிக்கிறீர்களோ, நீங்களே டிக் போட்டுக்கொள்ளுங்கள். கத்துவதாக இருந்தால் ராசாத்தி இல்லாத நேரமாகப் பார்த்துக் கத்துங்கள்.

தாள்களின் மூலையில் ஒரு மாத்திரை அட்டை ஸ்டேப்ளர் அடித்துத் தொங்கும். குழிகள் எல்லாம் காலி. அதை அடித்தது வெள்ளைச்சாமியாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ஸ்டேப்ளர் பிடிக்கவே தெரியாது.