மூன்றரைக் கிலோ முதுகுப்பை

நவம்பர் மாதத்தில் காலை ஐந்து மணிக்கு எங்கள் ஹாமர் ஊரில் விழித்திருப்பவர்கள் ரொட்டி சுடுகிறவர்களும் நானும்தான். அலாரம் வைப்பதை மார்ச்சிலேயே நிறுத்திவிட்டேன். உடம்புக்கு அது தெரியவில்லை. எழுந்து, ஓடுவதற்கான காலுறையை மாட்டிக்கொண்டு, மாடிப்படியின் கடைசிப் படியில் உட்காருவேன். காலணி எதிரே இருக்கும். அரை மணி நேரம் அதைப் பார்த்துவிட்டு, காலுறையைக் கழற்றிப் போட்டுக் காப்பி போடப் போவேன்.

அதற்குப் பிறகும் ஓரிடத்தில் உட்கார முடியாது. அந்த ஓர் இலையுதிர்காலத்தில் ஃப்ரீசரை மூன்று முறை காலி செய்து அடுக்கினேன். கொட்டகைக் கதவுக்கு வண்ணம் அடித்தேன். பிடிக்காமல் மறுபடியும் அடித்தேன். அந்தக் கொட்டகைக்குள்தான் பனியில் சறுக்கும் என் ஸ்கீக்கள் நின்றன, மார்ச் மாதத்துப் பிசின் மெழுகு அடியில் அப்படியே ஒட்டியிருக்க. பந்தயம் முடிந்த வாரமே அதைச் சுரண்டித் துடைத்து, கோடைக்கு வேறு மெழுகு பூசி வைக்க வேண்டும். எட்டு மாதம் பாத்திரம் கழுவாதவளைக்கூட எங்கள் ஊரில் மன்னித்துவிடுவார்கள், இதை மாட்டார்கள். அதனால் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தேன்.

நான்கு வருடம் அந்தப் பந்தயத்துக்காகவே வாழ்ந்திருந்தேன். ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் பனியில் சறுக்கி, மலையேறி இறங்க வேண்டும், முதுகில் மூன்றரைக் கிலோ பையோடு. முன்னொரு காலத்தில் ஒரு குழந்தை இளவரசனைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீரர்கள் இந்த மலையைக் கடந்தார்களாம். பை அந்தக் குழந்தைக்காக. முடிவில் அதை நிறுத்துப் பார்ப்பார்கள். குறித்த நேரத்துக்குள் வந்தால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பதக்கம் உண்டு. மூன்று முறை தவறவிட்டேன். நான்காவது முறை, நாற்பத்திரண்டு வயதில், கிடைத்தது. தராசில் பையை மாட்டிய பெரியவர் தலையசைத்தார். என் கணவன் ஹோவர் கோட்டைப் போர்த்திவிட்டான். அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழுகை வரவில்லை. இனி என்ன என்ற கேள்விதான் வந்தது. வந்தது போகவே இல்லை.

பழக்க தோஷத்தில் அடுத்த வருடத்துக்கும் பெயர் கொடுத்து வைத்திருந்தேன். அந்த இடத்தை வேறொருவர் பெயருக்கு மாற்ற ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். என் தங்கை ஓஷில்ட் கேட்டுக்கொண்டே இருந்தாள். வியாழக்கிழமை போனில், எடுத்துக்கொள், ஞாயிறு மாலை மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால், பல் பிடுங்கிய இடத்தை நாக்கு துழாவுகிற மாதிரி மனம் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. அந்த இடமும் போய்விட்டால், காலையில் எதற்காக எழுந்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒன்றும் மிச்சமிருக்காது.

ஹோவர் பேருந்து ஓட்டுகிறவன். நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பதால் வயிறு கொஞ்சம் முன்னால் போகும். ஓட்டம், சறுக்கல் எதிலும் அவனுக்கு ஆசை கிடையாது. அவனுக்கு வாய்த்தது பொதுவேலை. ஊரார் கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலை எங்கே நடந்தாலும் முதல் ஆளாக நிற்பான். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏரிக்கரைப் படகுக் கொட்டகையில் தரை போடுவதாகச் சொல்லிவிட்டுப் போவான். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருவான். இவ்வளவு பெரிய தரையா என்று நான் கேட்டதில்லை. என் அலைச்சலே எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு ஓட்வாரிடம் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தரை வேலை எப்போது முடியும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். செப்டம்பரிலேயே தரை போட்டு முடித்துப் பூட்டியாயிற்று என்றார். பிறகு, சொல்லலாமா கூடாதா என்று தயங்கி, ஹோவரின் காரைச் சனிக்கிழமைகளில் காட்டுச் சாலைத் தடுப்புக் கம்பத்துக்கிட்டே பார்ப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்குள் வந்து கோட்டை எடுத்தபோது பக்கத்து ஆணி காலியாக இருந்தது. மார்ச்சிலிருந்து நான் தொடாத என் பந்தயப் பை அங்கே இல்லை. பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் என்னென்னவோ தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வேறொருத்தியைப் பார்க்கப் போகிறவன் மனைவியின் முதுகுப்பையையா எடுத்துக்கொண்டு போவான்? சைக்கிளை எடுத்தேன்.

தடுப்புக் கம்பத்தைத் தாண்டி இரண்டாவது வளைவில் அவனைப் பார்த்தேன். காலில் பனியில்லாத நாளில் சாலையில் பழகுகிற சக்கர ஸ்கீ, கையில் இரண்டு கம்பு, முதுகில் என் பை. இறக்கத்தில் வந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிற்கப் பார்த்தான். சக்கர ஸ்கீயில் நிற்கத் தெரியாதவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தான்: ஓரத்துப் புல்லில் இறங்கி விழுந்தான்.

"தரை வேலை எப்படிப் போகுது?" என்றேன்.

"இன்னும் கெட்டியாத்தான் இருக்கு," என்றான், படுத்தபடியே.

சிரிக்கக் கூடாது என்று சைக்கிளை மரத்தில் சாய்த்து வைப்பதில் கவனமாக இருந்தேன். ஆகஸ்டிலேயே தானும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டான். ஏன் மறைத்தான் என்று கேட்டேன்.

"சொன்னா நீ அட்டவணை போட்டிருப்பே, டோருன். கலர் கலரா."

அது உண்மைதான். அதனால் கோபம் இன்னும் வந்தது. என் பையை எதற்கு எடுத்தாய் என்றேன். எட்டு மாதமாக அதற்குள் கிடந்த வாழைப்பழத்தைத் தோட்டத்தில் நல்லடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னான். பையைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்ததாகவும், மூன்று கிலோ அறுநூறு, நூறு கிராம் கூடுதலே என்றும் பெருமையாகச் சொன்னான்.

பையைத் திறந்தேன். ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் நிறைய சூடான பழரசம். ஆறு ஆரஞ்சு. காகிதத்தில் சுற்றிய வாஃபிள் அப்பம். அரைக் கிலோ பழுப்புச் சீஸ், முழுக்கட்டியாக. அடியில் ஒரு கம்பளிச் சட்டை.

"சாப்பாடும் தண்ணியும் எடையில சேராது," என்றேன். "இதை எடுத்தா ஒரு கிலோகூடத் தேறாது."

"சீஸுமா?"

"சீஸும்தான்."

"நாலு வருஷமா பந்தயத்துக்கு உன்கூட வரேன், ஒரு நாளாவது சொன்னியா?"

"நீ கோட்டைத்தானே தூக்கிட்டு வந்தே."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று எனக்கே உறைத்தது. அவன் ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினான்.

"ஆமா, கோட்டோட நின்னேன். நீ வருவே, போர்த்துவேன், கிளம்புவோம். இந்த மார்ச்சுல நீ எதையோ மலையிலயே விட்டுட்டு வந்த மாதிரி இருந்தே. என்னன்னு கேட்டா ஃப்ரீசரைத் துடைக்கப் போயிடறே." பாதிப் பழத்தை என்னிடம் நீட்டினான். "சரி, நானே அந்த வழியா ஒரு தடவை போய்ப் பார்த்தா என்னன்னு தோணுச்சு. ஓஷில்டுகிட்ட நீ பேசினது காதுல விழுந்துச்சு. குடுக்கறதுன்னா குடு. நான் எப்படியும் போறேன்."

வயிறும் சிராய்த்த முட்டியுமாக ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் போகப்போகிறானாம். ஆரஞ்சைத் தின்றோம். வாஃபிளையும் விடவில்லை. அவன் எழுந்து மறுபடி ஏற்றத்தில் கிளம்பினான். கையால் மட்டும் தள்ளினான், இடுப்பு கட்டைபோல நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. பையை நான் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே போய், முட்டியை மடக்கு, உடம்பை முன்னால் சாய் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தொலைபேசிக் கோபுரம் வரை அப்படியே போனோம். அங்கே அவன் மூச்சு வாங்க நின்றபோதுதான் எனக்கும் மூச்சு வாங்குவது தெரிந்தது. குளிருக்குப் போட்ட கனத்த பூட்ஸோடு ஓடியே வந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கக் கையைத் திருப்பினேன். கைக்கடிகாரம் இல்லை, அது மேசை இழுப்பறையில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.

"என்ன பார்க்கறே?" என்றான்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

ஞாயிறு மதியம் கொட்டகைக் கதவைத் திறந்தேன். எட்டு மாதத்துப் பிசின் கல்லாக இறுகியிருந்தது. சூடு காட்டிச் சுரண்டச் சுரண்ட, பைன் ஊசியிலைகளும் மார்ச் மாதத்து அழுக்கும் சேர்ந்து வந்தன. ஹோவர் பைக்குள் பழைய கலைக்களஞ்சியத்தின் இரண்டு தொகுதிகளை வைத்து நிறுத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஓஷில்ட் போன் செய்தாள்.

"அக்கா, எனக்காகக் காத்திருக்கியா? இப்பவே மாத்திடலாமா?"

இடத்தைத் தர முடியாது, மன்னித்துக்கொள் என்றேன். ஹோவரும் வருகிறான், கூடவே போகிறேன் என்றேன்.

"அத்தானா? அவர்கூடப் போனா இருட்டிடும். பதக்கம் கிடைக்காது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"முடிவுக் கோட்டுக்கு வா," என்றேன், சுரண்டுவதை நிறுத்தாமல். "இந்தத் தடவை நீ ரெண்டு கோட்டு தூக்கணும்."