பஞ்சாலையம்மா நேற்று என்ன சாப்பிட்டார்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவர் எழுபத்து நான்கு வயதுப் பஞ்சாலையம்மா. அதை நீல மையில் அழகாக எழுதிக்கொண்டவள் நான். ஆகவே பாதிக் குற்றம் என்னுடையது. எழுதினால் அது கொஞ்சம் குறையும் என்று ஒரு நப்பாசை.

என் பெயர் குமுதினி. சிரம்பானில் இருக்கிறேன். கதை எழுதுவேன். கதை சோறு போடாததால், முதியவர்களின் உணவைப் பற்றிய ஆய்வு ஒன்றுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படிவமும் நிரப்புவேன். முதல் கேள்வி, 'நேற்றுக் காலையிலிருந்து இரவுவரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?' எடையும் குறைந்து சாப்பாடும் குறைந்திருந்தால், மாதம் இரண்டு டின் சத்துப் பால்மாவு கிடைக்கும். சாப்பாடு சரியாக இருந்து எடை மட்டும் குறைந்திருந்தால் கிடைக்காது, உடம்புவாகு என்று விட்டுவிடுவார்கள். இந்த விதியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'லிங்கிக்குப் போகும் சாலையில், செம்பனை ஓலைகளின் மேல் பொன்வெயில் — '

வேண்டாம். அன்றைக்கு மழை.

இரண்டாம் முயற்சி:

'பசி என்பது மனித குலத்தின் ஆதி — '

இதை எழுதும்போது நான் தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

மூன்றாம் முயற்சி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது. (எழுத்தாளர்கள் கடைசியில்தான் இங்கே வருவார்கள்.)

லிங்கிப் பக்கம் ஒரு பழைய தோட்டம். இருபது வீட்டு லயத்தில் இப்போது ஆள் இருப்பது மூன்று வீட்டில். ஐந்தாம் வீட்டில் பஞ்சாலையம்மா தனியாக இருக்கிறார். முப்பது வருடம் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர். கணவர் இறந்துவிட்டார். மகன் தர்மராஜ் சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பார்த்துவிட்டுப் போவார். நான் போனது ஒரு புதன்கிழமை. தராசு முப்பத்தெட்டு கிலோ காட்டியது.

கேள்வியைக் கேட்டேன். பதிலுக்கு அவர், நான் யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். இந்தத் தோட்டத்து ஆபீசில் ஒரு காலத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் என் தாத்தா என்று பெருமையாகச் சொன்னேன். அங்கேதான் சறுக்கினேன். சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வாங்கியவரின் பேத்தியிடம் எந்தப் பால்மரத்துக்காரி தன் வயிற்றைத் திறந்து காட்டுவாள்? அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காலையில இட்லி நாலு. மத்தியானம் சோறு, நெத்திலி சம்பால், முருங்கக்கீர. ராவைக்கி சப்பாத்தி, கோழிக்கறி. நமக்கு என்னம்மா கொற?"

சம்பாலில் புளி கொஞ்சம் தூக்கல் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் புளியில்தான் நான் விழுந்தேன். நுணுக்கமாகச் சொல்கிறவரை நம்பிவிடுவது எங்கள் தொழிலில் வரும் வியாதி.

3

ஆறாம் வீட்டில் சன்னாசி ஐயா. தோட்டத்து லாரி ஓட்டியவர், வயது எழுபத்தாறு, மனைவியை இழந்தவர், இனிப்புநீர் என்னும் சர்க்கரை வியாதிக்காரர். ஈர்க்குச்சி உடம்பு. கிளினிக் நர்ஸ் மிசிதான் என்னை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார் என்று முடிவுகட்டிக்கொண்டார்.

"ஓட்ஸ் கஞ்சிம்மா. அவிச்ச கீர. ராவைக்கி ஒண்ணுமே இல்ல லா" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல, உள்ளே அடுப்பில் ஏதோ ஒரு சட்டியின் மூடி படபடத்தது. ஒவ்வொரு தடவையும் இருமினார். நான் 'ஓட்ஸ்' என்று எழுதிக்கொண்டேன்.*

* படிவத்தில் மூடிக்குக் கட்டம் கிடையாது.

முடிவை ஆய்வுக்குழு கணக்குப் போட்டுச் சொன்னது. சன்னாசி ஐயாவுக்கு இரண்டு டின் பால்மாவு. பஞ்சாலையம்மாவுக்கு ஓர் அறிவுரைத் தாள்: எண்ணெயைக் குறைக்கவும், கோழித்தோலைத் தவிர்க்கவும்.

4

அடுத்த மாதம் போனபோது அந்தத் தாள் நாள்காட்டிக்குப் பக்கத்தில் மரியாதையாக ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சாலையம்மாவின் எடை முப்பத்தாறு. தராசிலிருந்து இறங்கும்போது தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் கனமே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது ஒரு வாசனை வந்தது. லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடாது, பக்கத்து வீட்டுத் தாளிப்பு நம் வீட்டுக்கும் சொந்தம். பஞ்சாலையம்மா மூக்கை லேசாகத் தூக்கினார்.

"இன்னிக்கும் புளி தூக்கல்" என்றார்.

நான் அவருடைய அடுப்பைப் பார்த்தேன். துடைத்து வைத்த அடுப்பு, அதன் மேல் ரொட்டி டின், பக்கத்தில் ஒரு குவளை தே-ஓ, பால் சேர்க்காத தேநீர். போன மாதம் நான் எழுதிக்கொண்டது சன்னாசி ஐயாவின் சாப்பாடு என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு மாதம் லேட்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். தர்மராஜை நினைத்துக்கொண்டு, 'கல்நெஞ்சக்கார மகன் — ' என்று ஒரு வரியும் மனத்துக்குள் எழுதிவிட்டேன். பிறகு அலமாரியைத் திறந்தேன். அரிசி, பருப்பு, நெத்திலி, சார்டின் டின், முட்டை. எல்லாம் ஞாயிறு அன்று அவர் வாங்கி வைத்தவை. வில்லன் வேலைக்கு ஆள் இல்லை.)

பிறகு ஏன் சமைப்பதில்லை என்று கேட்டேன். அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"ஆக்குனா யாரும்மா திங்கிறது? அவரு தின்னு, புள்ளைங்க தின்னு, சட்டியில கெடக்குறத வழிச்சுத்தான் நான் தின்னேன். அம்பது வருசம். இப்ப முன்னால திங்க ஆளில்ல. எனக்குன்னு மொதல்ல சோறு போட்டா கை வரமாட்டேங்குது."

ஞாயிறு மகன் சாப்பிடுவார், பிறகு அவர் சாப்பிடுவார். திங்கள் பழையது. செவ்வாயிலிருந்து சனிவரை தே-ஓ, ரொட்டி, சுவருக்கு மேலே வரும் வாசனை.

படிவத்தைத் திருத்தப் பேனாவை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எழுதினால் தர்மராஜைக் கூப்பிட்டுப் பெற்ற தாயைப் பட்டினி போடுகிறாயா என்று கேட்பார்கள், அவர் தலைகுனிந்து நிற்பார், பிறகு தன்னை அவர் குடியிருக்கும் நாலாம் மாடி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார் என்றார்.

"ஏறுனா எறங்க முடியாதும்மா. நான் இங்கயே இருந்துக்கிறேன்."

எழுதினால் வீடு போகும். எழுதாவிட்டால் இன்னும் இரண்டு கிலோ போகும். போக அவரிடம் அதிகம் இல்லை.

5

கதைக்கு மூன்று முடிவுகள் யோசித்தேன்.

அ) பால்மாவு பஞ்சாலையம்மாவுக்கே கிடைக்கிறது. இதைச் சோதித்துவிட்டேன். சன்னாசி ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னதும், இரண்டு டின்னையும் சுவருக்கு மேலே நகர்த்திவிட்டார். பஞ்சாலையம்மா வாங்கி அலமாரியில் வைத்தார். ஞாயிறு தர்மராஜுக்குக் கலக்கிக் கொடுப்பாராம், பிள்ளை இளைத்துப் போயிருக்கிறானாம். (சன்னாசி ஐயாவின் படிவத்தை மட்டும் திருத்தினேன். மிசி அவரைப் பிடித்துக்கொண்டார். ஐயா இப்போது என்னோடு பேசுவதில்லை.)

ஆ) சன்னாசி ஐயா தினமும் மத்தியானம் ஐந்தாம் வீட்டுக்கு வந்து முதலில் சாப்பிடுகிறார். இனிப்புநீருக்கு ஏற்ற சமையல், இரண்டு உடம்பும் தேறுகிறது. இதை இரண்டு பக்கம் எழுதி, பிடித்துப்போய், பஞ்சாலையம்மாவிடமே படித்துக் காட்டினேன். லயம் பேசும் என்றார். மூன்று வீட்டில்தானே ஆள் இருக்கிறது என்றேன்.

"மூணு வீடு போதும் லா" என்றார்.

இ) ஆய்வு விதி ஒன்பது, தடித்த எழுத்தில்: பதில் சொல்பவர் வீட்டில் எதையும் உண்ணக் கூடாது, உண்டால் ஆய்வு கெடும்.

போன புதன்கிழமை படிவத்தைப் பைக்குள் வைத்து மூடினேன். "அம்மா, எனக்குப் பசிக்குது" என்றேன். பஞ்சாலையம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு ரொட்டி டின்னை இறக்கிவைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

சோறு, சார்டின், முட்டை. என் தாத்தா இந்த லயத்தில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தவர் இல்லை. நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். பஞ்சாலையம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கை கழுவி வந்து, வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே சட்டியில் கரண்டி வழிக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. ஆய்வு கெட்டது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

6

புதன்கிழமைகளை நான் எடுத்துக்கொண்டேன். ஞாயிறு தர்மராஜுடையது, திங்கள் பழையதுக்கு. செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி காலியாக இருக்கின்றன. தம்பின் ஊர்ப் பக்கமும் எனக்குப் படிவங்கள் கிடக்கின்றன, எல்லா நாளும் என்னால் முடியாது. இவ்வளவு தூரம் சும்மா படித்துக்கொண்டு வந்தீர்கள் அல்லவா?

'வியாழக்கிழமை மத்தியானம், ஐந்தாம் வீட்டு வாசலில் வந்து நின்று பசிக்கிறது என்று சொன்னவர் — '

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார், தாத்தா பெருமை எல்லாம் வேண்டாம். போட்டதை நன்றாகச் சாப்பிடுங்கள், வெட்கப்படாமல் இன்னொரு கரண்டி கேளுங்கள். சட்டியை மட்டும் காலி செய்துவிடாதீர்கள்.