கடலுக்குள் போட்ட மணித்தியாலம்

தவமலர் கதிரையில் ஏறி நின்று, ஹோல் சுவரில் தொங்கிய மணிக்கூட்டின் கண்ணாடியைத் திறந்து, பெரிய முள்ளை விரலால் தள்ளினாள். முள் ஒரு முழுச் சுற்று வந்ததும் இரண்டேகால் மூன்றேகாலானது. அறுபது தாண்டியவளுக்குக் கதிரையில் ஏறி இறங்குவது லேசான வேலையில்லை. முழங்கால் நோக, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பக்கத்து அறையில் அம்மா கண்மூடிக் கிடந்தாள். மூச்சு நின்று இன்னும் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. உள்ளங்கையில் சூடு இருந்தது.

இனித் தம்பிக்கு அடித்துச் சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தபோதுதான் தவமலருக்குத் தன் கெட்டித்தனம் விளங்கியது. ஃபோனின் முகத்தில் இரண்டே காலும் சொச்சமும் என்று நேரம் பளிச்சென்று நின்றது. சுவர் மணிக்கூட்டின் முள்ளை யாரும் தள்ளலாம். இதை எங்கே பிடித்துத் தள்ளுவது? கடையில் இருக்கிற தம்பியின் ஃபோனிலும் இதே நேரம்தான் இருக்கும். இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. மெய்யாகவே மூன்று மணி தாண்டும்வரை அம்மாவின் பக்கத்தில் இருக்கவேண்டும். அழக்கூடாது. ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொடங்கியாயிற்று, இனிப் பின்வாங்குவதில்லை என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் வழியைக் காட்டிக் கொடுத்தவன் தம்பி கருணைநாதன்தான். அம்மா இன்றோ நாளையோ என்று டொக்டர் கையை விரித்துவிட்டுப் போனதிலிருந்து அவன் பஞ்சாங்கமும் கையுமாகத் திரிந்தான். காலையில் ஹாட்வெயார் கடையைத் திறக்கப் புறப்படும்போது படலையடியில் நின்று சொன்னான்.

"அக்கா, இண்டைக்குப் பின்னேரம் மூண்டு மணியோடை அவிட்டம் பின்பாதி துவங்குது. அதிலையிருந்து அஞ்சு நட்சத்திரத்துக்குப் பஞ்சமி. அம்மாவைக் கவனமாப் பாருங்கோ."

அம்மாவை மூன்று மணிக்குள் அனுப்பிவிடு என்கிறானா, பஞ்சமி முடியும்வரை பிடித்து வை என்கிறானா என்று தவமலருக்கு விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கியிராது. ஆனால் பஞ்சமியில் செத்தால் என்ன செய்யவேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைக்கவேண்டும். உடலை வாசலால் கொண்டு போகக்கூடாது. வேலியென்றால் வெட்டி, மதிலென்றால் உடைத்து, அந்த வழியால் கொண்டு போகவேண்டும்.

மதில் என்ற சொல்தான் தவமலரைக் காலையிலிருந்து பிடித்துக்கொண்டது.

வீட்டின் முன்பக்கம் றோட்டு. பின்பக்கம் உள்துறைமுகம். அம்மாவின் அறை யன்னலைத் திறந்தால் முன்பெல்லாம் பின்வாசல் படலையும், அதற்கப்பால் தண்ணீரும், தண்ணீரில் நிற்கும் கோதுமைக் கப்பலும் தெரியும். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பின்னேரம் அம்மா அந்தப் படலையால் இறங்கி, சீலை நனைய நனைய முழங்கால் தண்ணீருக்குள் போய் நின்றாள். கூட்டிக்கொண்டு போகக் கப்பல் வருகிறதாம். கருணைநாதன்தான் ஓடிப்போய்த் தூக்கி வந்தான். அன்று அவன் நடுங்கிய நடுக்கத்தைத் தவமலர் மறக்கவில்லை. மறுநாளே கடையிலிருந்து சீமெந்துக் கல் கொண்டுவந்து, படலை இருந்த இடத்தை அடைத்து, ஆளுயரத்துக்கு மதிலெழுப்பிவிட்டான். அம்மாவைக் காப்பாற்றத்தான் கட்டினான். ஆனால் அன்றிலிருந்து அம்மா யன்னலால் பார்த்தது சீமெந்துக் கல்லைத்தான்.

"கல்லை எடடா. ஒரு வரிசையெண்டாலும் எடடா" என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். தவமலர் சண்டை பிடித்துப் பார்த்தாள். அவன் அசையவில்லை. தாய் சொல்லும் தமக்கை சொல்லும் அவனிடம் எடுபடாது. பஞ்சாங்கம் சொன்னால் மட்டும் மறு பேச்சில்லை.

கடைசியாகப் பேச்சுத் தெளிவாக இருந்த ஒரு நாளில் அம்மா தவமலரின் கையைப் பிடித்துச் சொன்னாள். "என்னை றோட்டாலை கொண்டு போகாதையடி. நான் கடலாலை வந்தனான்."

"ஓம் அம்மா. கடல் பக்கத்தாலைதான் கொண்டு போவன்" என்று தவமலர் வாக்குக் கொடுத்துவிட்டாள். எப்படி என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அம்மா சொன்னது வெறும் கதையில்லை. அம்மாவின் தாய் அன்னப்பிள்ளை, வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படை அதிகாரி ஒருவன் வீட்டில் ஆயாவாக இருந்தவள். அவன் மனைவி துரைசாணி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவிலிருக்கும் தன் தகப்பன் வீட்டுக்குப் பெரிய கப்பலில் புறப்பட்டபோது அன்னப்பிள்ளையும் கூடப் போனாள். வயிற்றில் பிள்ளை இருப்பதை மூச்சுவிடவில்லை. சொன்னால் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்று சீலையைத் தளர்த்திக் கட்டி மறைத்துவிட்டாள். கப்பலின் பெயர் செலீனியா. மேல்தட்டில் துரைமார் நீளக் கதிரைகளில் கம்பளி போர்த்திப் படுத்துச் சூப் குடித்தார்களாம். பிள்ளைகளோடு மேலே போகும்போது அன்னப்பிள்ளைக்கும் ஒரு கோப்பை கிடைக்கும். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மாட்டுச் சூப்பைக் கடலுக்கு வார்த்துவிடுவாளாம். நடு அத்திலாந்திக்கில், மூன்றாம் வகுப்பில், பாஷை தெரியாத பெண்கள் நாலு பேர் சுற்றி நின்று துணி பிடிக்க, அம்மா மாதம் நிறையாமல் பிறந்தாள். கப்பித்தான் இறங்கி வந்து பார்த்துக் கப்பலின் பெயரையே பிள்ளைக்கு வைக்கச் சொன்னான். அப்படித்தான் ஒரு சைவ வீட்டில் செலீனியா என்று ஒரு பிள்ளை வளர்ந்தது. ஊருக்கு அவள் செலின். முக்கால்வாசிப் பேர் அவளைக் கிறிஸ்தவ வேதக்காரி என்றே நினைத்திருந்தார்கள்.

மேற்கே போகிற கப்பலில் ஒவ்வொரு இரவும் மணிக்கூட்டைப் பின்னால் திருப்புவார்கள். அம்மா பிறந்த இரவு பன்னிரண்டு மணி இரண்டு தரம் வந்ததாம். எந்தப் பன்னிரண்டில் பிறந்தாள் என்று அன்னப்பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்தச் சாத்திரியாராலும் அம்மாவுக்குச் சாதகம் எழுத முடியவில்லை. கலியாணத்துக்குக்கூடக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள்.

"போகேக்கை கூடக் கிடைச்ச நேரமெல்லாம் திரும்பி வரேக்கை போயிட்டுது" என்று அம்மா சிரிப்பாள். "கிழக்கை வரேக்கை முள்ளை முன்னாலை தள்ளுவினமாம். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலத்தைக் கடலுக்குள்ளை போட்டிட்டுத்தான் எங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவை."

அந்தக் கதையை நினைத்துக்கொண்டுதான் தவமலர் கதிரையில் ஏறினாள். வீட்டுக்கு வருகிற கப்பலில் முள்ளை முன்னால்தானே தள்ளவேண்டும்.

குசினிப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டுச் சுபைதா. ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு அம்மாவுக்குப் பார்லித் தண்ணி காய்ச்சிக் கொண்டு வருகிறவள். தவமலர் எழும்பிப்போய் மறிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். கட்டிலைப் பார்த்தாள். கையிலிருந்த போத்தலை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, வாய்க்குள் ஓதினாள்.

"எப்ப தவமக்கா?"

"இன்னும் இல்லை."

சுபைதா விளங்காமல் பார்த்தாள்.

"மூண்டு மணிக்குப் பிறகுதான் அம்மா சாகப்போறா, சுபைதா. அப்பத்தான் பஞ்சமி. அப்பத்தான் தம்பி மதிலை உடைப்பான்."

சுபைதாவுக்கு அந்த மதிலும் தெரியும், அதன் பின்னாலிருந்த அழுகையும் தெரியும். அவள் யன்னலால் சீமெந்துக் கல்லைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

"எங்கட ஆக்கள்ல மவுத்தானா ஒரு நிமிசமும் வெச்சிருக்க மாட்டம். இது பாவமில்லையா?"

"பாவம்தான். அதை நான் பார்த்துக்கொள்ளுறன்."

"பஞ்சமி வீட்டுக்கு ஆகாது எண்டு சொல்லுவீங்களே. பழி சொல்லப்போறாங்க."

"சொல்லட்டும். அம்மாவை அந்தப் பக்கத்தாலை கொண்டு போறதெண்டு சொன்னனான். கொண்டுதான் போவன்."

சுபைதா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். "எனக்குப் பொய் சொல்ல ஏலா. ஆனா வாய மூடிட்டு இருக்க ஏலும்" என்றாள். "அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லும் வரைக்கும் இருப்பம். அதுக்குள்ள மூணு தாண்டிரும்."

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கை கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துகொண்டு வந்தது. தவமலர் அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கப் பார்த்தாள். அம்மா என்று ஒரு தரம் கத்தினால் போதும், நெஞ்சு ஆறும், ஆனால் அக்கம்பக்கம் ஓடிவந்துவிடும். அவள் சீலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். தன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை அவள் கண்டதில்லை. சுபைதா இடையில் ஒரு தரம் எழும்பி அம்மாவின் தலைமயிரைக் கையால் வாரிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

பள்ளிவாசலில் வாங்கு சொல்லக் கேட்டதும் சுபைதா தலையை ஆட்டினாள். தவமலர் தம்பிக்கு ஃபோன் அடித்தாள். "தம்பி, அம்மா..." என்றதோடு அவள் வாய் திறந்துகொண்டது. அவ்வளவு நேரம் அடக்கியதெல்லாம் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

கருணைநாதன் மோட்டார் சைக்கிளை முற்றத்தில் போட்டதுபோல விட்டுவிட்டு ஓடிவந்தான். கட்டிலடியில் விழுந்து அம்மாவின் காலைப் பிடித்தான். பிடித்த கையை எடுக்க அவனுக்கு நேரமெடுத்தது.

"கால் நல்லாக் குளிர்ந்திட்டுது" என்றான்.

"கிழமைக்கணக்கா அவவுக்குக் கால் குளிர்தானே."

"எத்தினை மணிக்கு?"

"மூண்டு பத்து இருக்கும்."

அவன் எழும்பி ஹோலுக்குப் போனான். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றான். முள்ளைத் தள்ளினாயா என்று கேட்டால் மறுக்கிறதில்லை, ஆனால் மூன்று பத்து என்று சொன்னதிலிருந்து இறங்குகிறதுமில்லை என்று தவமலர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பாமலே "அப்ப பஞ்சமிதான்" என்றான். "மதிலை உடைக்கவேணும்."

மறுநாள் ஐயர் கிரியையைத் தொடங்குமுன் மதிலை உடைக்கக் கருணைநாதன் மேசனைக் கூப்பிடவில்லை. கடையிலிருந்து இரும்பு அலவாங்கைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, பழைய படலை இருந்த இடத்தில் ஓங்கிக் குத்தினான். அவன் நல்ல சீமெந்து போட்டுக் கட்டியவன், லேசில் விடவில்லை. வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிய, பிடிக்க வந்தவர்களையும் தள்ளிவிட்டுக் குத்தினான். கனடாவிலிருந்து ஃபோனில் செத்தவீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மகன் மதுசன், "ஏனப்பா மதிலை உடைக்கிறீங்கள்?" என்று கேட்டான். ஒரு கல் அப்பால் விழுந்தது. ஓட்டைக்குள்ளால் வெளிச்சம் வந்தது. பிறகு வரிசை வரிசையாகச் சரிந்து, கடல் முழுதாகத் தெரிந்தது.

அம்மாவைப் பாடையில் வைத்து அந்த இடைவெளியால் வெளியே எடுத்தார்கள். கரையோரம் ஒற்றையடிப் பாதையால் கொஞ்சத் தூரம் போய்த்தான் வாகனத்தில் ஏற்றவேண்டும். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. முன்வாசலால் போயிருந்தால் றோட்டு வளைவோடு அம்மா மறைந்திருப்பாள். இங்கே நின்றால் வெகுதூரம் தெரிந்தது. பாடை தண்ணீரோரமாகப் போவதைத் தவமலர் இடிந்த கல்லின் மேல் ஏறி நின்று கடைசிவரை பார்த்தாள். பக்கத்தில் சுபைதா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஞ்சமிப் பழியை யார் வாயும் சும்மா விடவில்லை. அறையைப் பூட்டிச் சாவியைக் கருணைநாதன் எடுத்துக்கொண்டான். தவமலர் ஹோலில் பாய் போட்டுப் படுத்தாள். வந்தவர்கள் வீட்டுக்கு இனி என்ன ஆகுமோ என்று உச்சுக்கொட்டியபோது தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் கடை லொறியில் சீமெந்துக் கல் வந்து இறங்கியது. மேசனும் வந்தான். தவமலர் குசினியில் இருந்தபடி கல் இறங்கும் சத்தத்தைக் கேட்டாள். கொடுத்த வாக்கு முடிந்தது, இனி அடைக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்போதுதான் மணிக்கூட்டின் ஞாபகம் வந்தது. கதிரையை இழுத்துப்போட்டு ஏறினாள்.

"விடுங்கோ அக்கா. விழப்போறியள்."

கருணைநாதன் வாசலில் நின்றான்.

"இல்லை... இது கொஞ்சம் முந்தி ஓடுது."

"அது அண்டைக்கே அப்பிடித்தான் நிண்டது" என்றான். "நான் வந்த உடனை கண்டனான்."

தவமலருக்குக் கதிரையிலிருந்து இறங்கத் தோன்றவில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. ஹோல் மூலையிலிருந்த அம்மாவின் பிரம்புக் கதிரையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போனான். வெளியே, அம்மாவின் யன்னலடியில் அதைப் போட்டு, கடலைப் பார்க்கத் திருப்பி, அம்மா இருப்பதுபோல முதுகைக் கூனிக்கொண்டு அதில் இருந்தான். கண்ணுக்கு நேரே கையை நீட்டிப் பார்த்தான். பிறகு கையைக் கொஞ்சம் கீழே இறக்கினான்.

"இதுக்கு மேலை கட்டவேண்டாம்" என்றான் மேசனிடம்.

மேசன் அந்த உயரத்துக்கு நூல் பிடித்தான்.