ஒரு தலை குறைகிறது

எண்ணிப் பார்த்தாள் யூலாரியா. பத்தொன்பது. மறுபடி விரல் நீட்டி எண்ணினாள். அதே பத்தொன்பது. காலையில் தெருவேல் என்ற ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க பஸ்ஸில் வந்து இறங்கியது இருபது பேர். தொலைந்தது யார் என்று யோசிக்கவே வேண்டாம், லியோன்சியோதான். நகராட்சிக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். இறங்கியதிலிருந்து அவளைப் பிடுங்கி எடுத்தவர். "கலங்கரை விளக்கம் நூறு வருஷப் பழசுன்னு சொல்றியே பொண்ணு, எழுத்துல எங்க இருக்கு?"

இன்றைக்கா தொலைய வேண்டும்! நாலு மணிக்கு மீனவர் சங்கத்தில் குலுக்கல். கடலை ஒட்டிய ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு தடவை பையிலிருந்து எண் போட்ட பந்து எடுத்துத்தான் முடிவாகும். பேரை மூன்று முறை கூப்பிடுவார்கள். கூடத்துக்குள் நின்று தன் வாயால் பதில் சொல்லாதவருக்கு அந்த வருஷம் இடம் கிடையாது. ஆறு வருஷம் மனு மேல் மனு போட்டு, இப்போதுதான் யூலாரியாவின் பேர் பட்டியலில் ஏறியிருந்தது. ஊரைச் சுற்றிக் காட்டிப் பிழைத்தது போதும் என்று படகுகூட வாங்கிவிட்டாள். இன்றைய வேலை மூன்று மணிக்கே முடிந்துவிடும் என்றுதான் ஒப்புக்கொண்டாள். சோற்றுக்கு உட்கார்ந்த கும்பல் எழுந்தால்தானே!

"நீ ஓடு, நான் தேடறேன்," என்றான் பஸ் டிரைவர் ததேயோ.

"எண்பது வயசு ஆளுடா! தண்ணில விழுந்து தொலைஞ்சா? நீ பஸ் பக்கம் பாரு."

மீன் சந்தை, கழிப்பறை, ஐஸ் கொட்டகை. எங்கும் இல்லை. மணி நாலடித்தது. அலைதடுப்புக் கல்லில் ஏறித் தண்ணீரையே பார்த்தாள். பாழாய்ப்போன கிழவர்!

கொஞ்ச நேரத்தில் சங்கத்து ஒலிபெருக்கி கத்தியது. "யூலாரியா பலன்சா!"

கால் அங்கே இழுத்தது. கண் தண்ணீரை விடவில்லை.

"யூலாரியா பலன்சா! ரெண்டாம் தரம்!"

போச்சு, எல்லாம் போச்சு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது அதே ஒலிபெருக்கியில் இன்னொரு குரல் எகிறியது.

"அவ வெளியில எங்களை எண்ணிட்டிருக்கா! நான் சொல்றேனே, போதாதா?"

"அவங்க வாயால சொல்லணும், பெரியவரே. நீங்க உட்காருங்க," என்றார் சங்கச் செயலாளர்.

"எழுத்துல எங்க இருக்கு? எந்தப் பக்கம்? படிச்சுக் காட்டிட்டு அப்புறம் மூணாந்தரம் கூப்பிடுங்க!"

அந்தக் குரல்! காலையில் "இன்னிக்கு இங்கதான் குலுக்கல், யார் வேணா பார்க்கலாம்" என்று பெருமையடித்தது அவளேதான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, கண்ணாடியைத் தேடி, ஒருவழியாகப் படித்து முடித்தார்.

"யூலாரியா பலன்சா! மூணா—"

"வந்துட்டேன்! இதோ இருக்கேன்!" என்று கூடத்துக்குள் பாய்ந்தாள்.

கூடம் சிரித்தது. பைக்குள் கை விட்டு ஒரு பந்தை எடுத்தாள். வந்தது பதினேழாம் எண். வாய்க்காலை ஒட்டிய சுமாரான இடம். சுமாரானால் என்ன, அவளுடையது.

லியோன்சியோ விறைப்பாக அவள் முன்னால் வந்து நின்றார். "சொல்லாம கொள்ளாம எங்க போன, பொண்ணு? எவ்வளவு நேரம் சமாளிக்கறது?"

அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.