ஏரியில் மூடாத தடங்கள்

போன மார்கழி இரண்டாம் வாரத்திலிருந்து, தோணிரேவு காசியம்மாள் நடந்த இடங்களில் ஏரித் தண்ணீர் மூடிக்கொள்ளவில்லை. முழங்கால் ஆழமோ இடுப்பு ஆழமோ, அவள் காலை எடுத்த இடத்தில் பாதத்தின் அளவுக்கு ஒரு குழி அடிச்சேறு வரை அப்படியே நின்றது. எட்டிப் பார்த்தால் ஐந்து விரல்களும் தெரிந்தன, பித்தவெடிப்பு உட்பட. அந்தப் பக்கமாக வந்த இறால்கள் தண்ணீர் இருக்கிறதென்று நம்பி உள்ளே விழுந்து கிடந்தன. பூநாரைகள் ஒருநாள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மறுநாள் கழுத்தை உள்ளே விட்டுத் தின்னத் தொடங்கின. மனிதர்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

காசியம்மாள் உட்காராத பிறவி. கையால் இறால் பிடிக்கும் பெண்கள் தண்ணீரில் குந்தி, இறால் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி நகர்வார்கள். அவள் மட்டும் உள்ளங்காலால் தேடியபடி நடப்பாள். பறி நிறைந்த பிறகும் நடப்பாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. தோணிரேவுப் பக்கம் சேறு வெண்ணெய் மாதிரி இருக்கும், பசியாவரத்தைத் தாண்டினால் சிப்பி குத்தும், முகத்துவாரத்தை நெருங்கினால் மணல் காலுக்கடியில் ஓடும். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. மண்ணை நாம்தான் மிதிக்கிறோம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதுவும் நம்மைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது என்று யோசிக்க ஊரில் யாருக்கு நேரம் இருந்தது?

எதிர்க்கரை ஊரில் ஏரியைப் பாடுகளாக, அதாவது வலை விரிக்கும் பகுதிகளாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்து வலை விரிப்பது வழக்கம். சீட்டில் ஆண்களின் பெயர் மட்டும்தான். அவர்கள் கூடிப் பேசி, காசியம்மாளின் தடங்களையும் சீட்டில் சேர்த்தார்கள். யார் முறையோ அவருக்கே அன்றைய தடங்கள், அவற்றில் விழுந்த இறாலும் அவருக்கே. சீட்டில் பெயர் இல்லாததால் தன் காலடிக்குள் கைவிட அவளுக்கு உரிமை இல்லாமல் போனது. அவள் சண்டைக்குப் போகவில்லை, வேறு இடத்தில் நடந்தாள். அதோடு விட்டிருக்கலாம். பாடுகளுக்குத் தலைவரான பிரகாஷ், முறைக்காரரின் பகுதியில்தான் அவள் இனி நடக்க வேண்டும் என்று மூங்கில் நட்டுக் கயிறு கட்டிக் காட்டினார்.

"யக்கா, கயித்தோரமா நேரா நட. கோணாத."

"நேரா நடக்கறதுக்கு ஏரி இன்னா ரோடாடா?" என்றாள். ஆனாலும் ஊர் வம்பு எதற்கென்று நடந்தாள். காலை எடுக்க எடுக்கத் தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு விரல்கூட நிற்கவில்லை. அவள் வேண்டுமென்றே ஏமாற்றுகிறாள் என்று முடிவு கட்டி, ஏரியில் காலே வைக்கக் கூடாது என்று தடை போட்டார்கள்.

அந்தப் பதினோரு நாட்கள் கொடுமையானவை. காட்டூருக்கு நடவுக்குப் போனாள். நடவு என்பது குனிந்தபடி பின்னால் நகர்கிற வேலை, அரை நாளில் திரும்பிவிட்டாள். வாசலைச் சுற்றிச் சுற்றி வந்ததில் மண் வாய்க்கால் மாதிரி குழிந்தது. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய மகள் அனிதா, கொஞ்சம் ஒக்காரும்மா என்று கெஞ்சினாள்.

"ஒக்காந்தா செத்துடுவேன்டி," என்றாள் காசியம்மாள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவள் கெண்டைக்கால் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்ததை அனிதா பார்த்தாள். புருஷன் ஆதிநாராயணன் எதிர்க்கரைக்குப் போய்க் கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தார். முறை முறைதான் என்று அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, ஏரியில் நின்றிருந்த பழைய தடங்கள் நகர ஆரம்பித்தன. முதலில் இடது, பிறகு வலது. அவசரம் இல்லாமல், நட்டிருந்த மூங்கில்களைச் சுற்றிக்கொண்டு, இரண்டு வலைகளுக்கு நடுவே வந்து கரையேறின. மண்ணில் அவை பாத அளவுக்கு ஏரித் தண்ணீராகத் தேங்கின. ஒன்றில் ஓர் இறால் கூட இருந்தது. தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கால்களை ஒதுக்கிக்கொண்டார்கள். தடங்கள் காசியம்மாள் வாசலுக்கு வந்து, வந்த திசைக்கே விரல்களைத் திருப்பிக்கொண்டு நின்றன.

அவள் ஆதிநாராயணனைப் பார்த்தாள். அவர் பறியை எடுத்துக் கொடுத்தார். அவள் அந்தத் தடங்களில் காலை வைத்தாள். வைத்ததும் அடுத்த தடம் முன்னால் விழுந்தது. அப்படியே ஏரிக்குள் இறங்கினாள். பிரகாஷ் படகைக் குறுக்கே போட்டு மறித்தார். இத்தனை நாளும் தானாகத்தான் நடந்தோமா, இல்லை இப்படித்தான் யாரோ முன்னால் போனார்களா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள், படகைக் கவனிக்கவில்லை. தடங்கள்தான் கவனித்தன. படகுக்கு அடியில் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தன.

"எங்கக்கா போற?"

"தெரியலடா. வழி உடு."

பிரகாஷ் படகுக்கு அந்தப் பக்கம் வெளிவந்த தடங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கோலை ஊன்றிப் படகைப் பின்னுக்குத் தள்ளினார். அவள் வடக்கே நடந்தாள். அன்றிலிருந்து, வலை விரிப்பதற்கு முன்னால் தடங்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கமாக வந்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு, அவள் கடந்து போகிறவரை பீடி பற்றவைத்துக் காத்திருக்கிறார்கள்.