பிரித்துத் தைத்த கரை

நான் கத்தினால் அணைக்குள் இருக்கும் மீன்கூட எட்டிப் பார்க்கும் என்று என் ஆட்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பழைய மண் அணையைப் பலப்படுத்தும் வேலைக்கு நான்தான் பொறியாளர். நிலநடுக்கத்தில் கரை விரிசல் விடலாம். அதற்காக வெளிப்பக்கச் சரிவில் கழுவிய மணலை ஓர் அடுக்காகப் பரப்பி, அதன்மேல் கல்லும் மண்ணும் குவித்து முட்டுக் கொடுத்தோம். விரிசலில் நீர் கசிந்தாலும், மணல் நீரை மட்டும் வெளியே விட்டுக் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்த மணலில் சேறு கலந்தால் எல்லாம் போச்சு.

எங்கள் லாரி ஓட்டுநர் ஒருவனுக்குப் புயல் என்று பட்டப்பெயர். களிமண் குழியிலிருந்து வந்த அவசரத்தில், சக்கரத்தைக் கழுவாமல் மணல்மேல் குறுக்கே ஓட்டிவிட்டான். அது தெரியாமலிருக்க, மேலே நல்ல மணலைத் தூவி, அழகாக ரோலரும் ஓட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் கிளறிப் பார்த்தேன், அடியில் சேறு. வந்ததே எனக்குக் கோபம்!

"அத்தனையும் தோண்டி எடுங்க."

"மேடம், ரெண்டு டயர் சேறு. இதுக்குப் போய்..." என்று ஒப்பந்தக்காரர் இழுத்தார்.

"உங்க வீடா கரைக்குக் கீழ இருக்கு? எங்க வீடு இருக்கு. எடுங்க சார்!"

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள். மறுபடி கழுவிய மணலைக் கொட்டிப் பரப்பினார்கள். விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கரைக்குக் கீழே கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அப்பா, ஊசியில் நூல் கோத்தபடியே சீண்டினார்.

"என்னம்மா, போட்ட தையலை நீயே பிரிச்சுட்டியாமே?"

"ஆமா, பிரிச்சேன். இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல தாயே. அந்தக் கத்திரிக்கோலை எடு."

வேலை முடிந்து, அணை நிரம்பியிருந்த ஒரு முற்பகலில் பூமி ஆடியது. அலுவலக அலமாரி குப்புற விழுந்தது. சைரனை அலறவிட்டு, ஊரை மேட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுக் கரைக்கு ஓடினேன். உச்சியில் கை நுழையும் அகலத்துக்கு விரிசல். கசிவு நீர் வந்து விழும் தொட்டிக்கு இறங்கினால், இப்போது எங்கள் பராமரிப்பு லாரியை ஓட்டும் புயல் அங்கே கண்ணாடிக் குவளையோடு நின்றிருந்தான். நீர் கலங்கலாக இருந்தது. அது தெளியாவிட்டால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம்.

அப்பாவுக்கு போன் போட்டேன்.

"மேட்டுக்குப் போயிட்டீங்களாப்பா?"

"எதுக்கு? கடையிலதான் இருக்கேன். நீ போட்ட கரைதானே?"

"ஐயோ அப்பா! ஊரே ஓடுது, உங்களுக்கு மட்டும் என்ன வீம்பு? எந்திரிச்சு ஓடுங்க!"

"சரி சரி, கத்தாதே. போறேன்."

புயல் மறுபடி மறுபடி குவளையை நிரப்பினான். கலங்கல். மறுபடியும் கலங்கல். பிறகு கொஞ்சம் வெளிறியது. கடைசியாக அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, குவளைக்கு அந்தப் பக்கம் அவன் விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. மணல் கரையைப் பிடித்துவிட்டது.

"மேடம்..." என்றான். குவளையை என்னிடம் நீட்டினான்.

மறுபடி அப்பாவை அழைத்தேன். மேட்டில் ஒரே கூச்சல்.

"அப்பா, தண்ணி தெளிஞ்சிடுச்சு. கரை நிக்குது."

அவர் போனைக் கையில் பிடித்தபடியே கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"கரை நிக்குதாம்! என் பொண்ணு பிரிச்சுத் தைச்ச கரைய்யா அது!"

கத்துவதற்குப் பேர்போன நான், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்பா கத்துவதைப் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.