வாணலிக்கு அந்தப் பக்கம்

யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்கா நாட்களில் கோயம்புத்தூரில் சிம்ஹா எண்ணெயில் இடும் உருளைக்கிழங்கு அடைகள், இஸ்ரேலின் ஹைஃபாவில் அவள் தங்கை சிப்போராவின் வாணலியில் வெந்து மேலெழும். சிப்போரா அங்கே போடும் ஜாம் வைத்த பணியாரங்கள் இங்கே வந்து சேரும். இரண்டு அடுப்பும் ஒரே நேரத்தில் எரிய வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணமாகிப் புறப்பட்டபோது கூடவே வரச் சொல்லி சிப்போரா எவ்வளவோ கெஞ்சினாள். சிம்ஹா போகவில்லை. அந்தக் கோபத்தில் பேச்சு நின்றது. பணியாரம் நிற்கவில்லை. ஜாம் தாராளமாக இருந்தால் தங்கை நலம் என்று சிம்ஹா எடுத்துக்கொள்வாள். பதிலுக்கு அடையில் வெங்காயத்தைக் கூட்டுவாள். சின்ன வயதில் சிப்போரா வெங்காயத்தை மட்டும் பொறுக்கித் தின்பாள்.

இந்த வருடம் ஒன்றும் வரவில்லை. போட்ட அடைகள் போட்ட இடத்திலேயே சிவந்தன. அடுத்த வீட்டுக் கோமளா அவற்றைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னாள்.

விளக்கேற்றினால் அது எரிந்து முடியும்வரை பெண்கள் வேலை செய்யக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் பொழுது சாய்ந்ததும் சிம்ஹா அடுப்பை அணைத்துவிடுவாள். ஹைஃபாவில் அப்போது மதிய வெயில். சிப்போராவுக்கும் வயதாகிவிட்டது. மாவு பிசைந்து அடுப்பைப் பற்றவைக்க முன்பைவிட நேரமாகும். இதையெல்லாம் சிம்ஹா யோசித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசி நாள், எல்லாச் சுடர்களையும் ஏற்றியபின் அவள் அடுப்பை அணைக்கவில்லை.

"விளக்கு எரியறப்ப கரண்டியத் தொட மாட்டீங்களேக்கா," என்றாள் கோமளா.

"தொடல. காத்துட்டிருக்கேன்."

தேங்காயெண்ணெய் சலசலத்தது. முதலில் ஒரு பின்னல் வந்தது. பிறகு நெற்றி, கழுத்து, ரவிக்கையின் நீலம். கோமளா தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். புறப்பட்ட நாளில் இருந்த அதே சிப்போரா, ஓரங்களில் கொஞ்சம் பொன்னிறமாக, சமையல் மேடையிலிருந்து இறங்கி நின்றாள். சிம்ஹாவின் நரைத்த தலையை மரியாதையோடு பார்த்தாள்.

"பாட்டியம்மா, எங்க அக்கா இருக்காளா?"

"வெளிய போயிருக்கா. வந்துடுவா."

"இன்னொரு தரம் கூப்பிட்டுப் பாக்கலாம்னு வந்தேன். வருவாளா?"

"இந்தத் தடவை வருவா," என்றாள் சிம்ஹா. "நீ உட்காரும்மா. எண்ணெய் வடியட்டும்."

கோமளா நாற்காலியில் செய்தித்தாளை விரித்தாள்.